சுவார்ட்ஸ் ஐயர்: தாழ்மையும் விசுவாசமும்

கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் (1726–1798) ஏறத்தாழ 48 ஆண்டுகள் தமிழ்நாட்டில் ஊழியம் செய்த ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரி ஆவார். மக்கள் இவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்தனர். தஞ்சை மராத்திய அரசு, ஆங்கிலேயக் கம்பெனி, மைசூர் அரசு என ஒன்றையொன்று நம்பாத மூன்று ஆட்சிகளும் இவர் ஒருவரை நம்பின. அந்த நம்பிக்கையை இவர் எப்படிப் பெற்றார் என்பதை அறிந்துகொள்வது, கிறிஸ்தவ வாழ்வில் தாழ்மைக்கும் விசுவாசத்திற்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள உதவும்.

தமிழ் கற்றதும் வருகையும்

சுவார்ட்ஸ் பிரஷ்யாவின் சோனன்பர்க் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. ஹாலே நகரில் பயின்றபோது, தமிழ்நாட்டில் ஊழியம் செய்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சேயிடம் தமிழ் கற்றார். 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த சில மாதங்களுக்குள் தமிழிலேயே பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பின்னர் போர்த்துக்கீசியம், பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகிய மொழிகளையும் கற்றார். ஒருவருக்கு நற்செய்தி சொல்ல வேண்டுமானால் முதலில் அவருடைய மொழிக்கு மாணவனாக வேண்டும் என்பதை இவர் வாழ்ந்து காட்டினார்.

எளிய வாழ்க்கை

1760களில் இவரது பணி திருச்சிராப்பள்ளிக்கு மாறியது. அங்கே கோட்டைப் பகுதியில் 1766இல் ஓர் ஆலயம் கட்டப்பட்டது. ஆண்டுக்கு 48 பவுன் மட்டுமே இவருக்கு வருவாய். பழைய கட்டடம் ஒன்றில், ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் அறையில் தங்கினார். சோறும் காய்கறியுமே உணவு. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1778இல் தஞ்சாவூருக்குக் குடியேறிய பின்பும் இந்த வாழ்க்கைமுறை பெரிதாக மாறவில்லை.

ஹைதர் அலியிடம் தூது

1779இல் சென்னை அரசு, ஹைதர் அலியின் எண்ணத்தை அறிந்துவர இவரைச் சீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பியது. போரைத் தடுக்க வழியுண்டானால் நல்லது என்று எண்ணிச் சுவார்ட்ஸ் ஒப்புக்கொண்டார். ஹைதர் இவரை மரியாதையுடன் வரவேற்று, வழிச்செலவுக்காக 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசிடம் கொடுத்தார். அரசு அதை ஏற்க மறுத்தபோது, தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு அதைப் பயன்படுத்தினார். தூது பலிக்கவில்லை. அடுத்த ஆண்டே போர் மூண்டது. ஆனாலும் அந்தப் போர்க்காலத்தில், சுவார்ட்ஸ் எங்கு சென்றாலும் தொல்லை செய்யக்கூடாது என்று ஹைதர் தம் படையினருக்குக் கட்டளையிட்டார்.

உழவர்கள் நம்பிய சொல்

அதே போரின்போது தஞ்சைக் கோட்டையில் உணவு தீர்ந்து மக்கள் மடியத் தொடங்கினர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஆனால் முன்பு கொடுத்ததற்குப் பணம் கிடைக்காததால், அரசின் வாக்கையோ கம்பெனியின் வாக்கையோ நம்பி மாடுகளையும் தானியத்தையும் தர உழவர்கள் முன்வரவில்லை. பணம் கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் தம் பெயரில் வாக்குக் கொடுத்தார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. ஏறத்தாழ 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சுவார்ட்ஸ் சொன்னபடியே அனைவருக்கும் பணம் கொடுத்தார். ஓர் அரசின் முத்திரையைவிட ஓர் ஏழை ஊழியரின் சொல் மதிப்புப் பெற்ற நிகழ்ச்சி இது.

மறுத்த பதவி

1787இல் மன்னர் துளஜா மரணப் படுக்கையில் இருந்தார். தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைத்து, அவனுக்காக ஆட்சியையும் கவனிக்கும்படி வேண்டினார். ஆட்சிப் பொறுப்பைச் சுவார்ட்ஸ் ஏற்கவில்லை. மன்னரின் சகோதரர் அமர்சிங்கிடம் அதைக் கொடுக்கும்படி ஆலோசனை கூறினார். பின்னாளில் அமர்சிங் சிறுவனை நன்கு நடத்தவில்லை. அப்போது சுவார்ட்ஸ் விலகி நிற்கவில்லை. சரபோஜியின் பாதுகாப்புக்காகவும் கல்விக்காகவும் விடாமல் முயன்றார். 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டுக் கல்வி கற்றார். அதிகாரத்தை விட்டுவிடுவது வேறு, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது வேறு என்பதை இங்கே காண்கிறோம்.

சரபோஜியை மதம் மாறும்படி சுவார்ட்ஸ் நெருக்கவில்லை. சரபோஜி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்து, சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த மன்னராகப் புகழ்பெற்றார். ஆனால் சுவார்ட்ஸைத் தந்தையாகவே மதித்தார்.

பிறரை வளர்த்தல்

சுவார்ட்ஸ் தாம் செய்த ஊழியத்தைத் தம்மோடு முடித்துக்கொள்ளவில்லை. 1790இல் சத்தியநாதன் என்னும் தமிழ் உபதேசியாருக்குக் குருப்பட்டம் கொடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார். அங்கே குளோரிந்தா அம்மையார் கட்டிய ஆலயத்தைச் சுற்றிச் சபை வளர்ந்துகொண்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து சிறுவனாக அழைத்துவரப்பட்ட வேதநாயகம், பின்பு வேதநாயகம் சாஸ்திரியார் என்னும் பெரும் கிறிஸ்தவக் கவிஞரானார்.

ஒரு குறை

தஞ்சைச் சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. அதைச் சுவார்ட்ஸ் கடுமையாக ஒழிக்காமல், காலப்போக்கில் மறையும் என்று பொறுத்துக்கொண்டார். அது மறையவில்லை. 1830களில் பேராயர் டேனியல் வில்சன் அதை நிறுத்த உத்தரவிட்டபோது சபையே பிளவுபட்டது. பொறுமை தாழ்மையின் ஒரு பகுதிதான். ஆனால் அநீதிக்கு முன் காட்டும் பொறுமையின் விலையைத் தாழ்த்தப்பட்டவர்களே செலுத்த நேர்ந்தது. இவரை முன்மாதிரியாகக் கொள்பவர்கள் இதையும் சேர்த்தே கற்க வேண்டும்.

நினைவும் பாடமும்

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சாவூரில் காலமானார். அதே ஆண்டு அரியணை ஏறிய சரபோஜி, இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் அதை இன்றும் காணலாம். படுக்கையில் கிடக்கும் முதியவரின் அருகே மன்னர் நிற்பதாக அது அமைந்துள்ளது.

சுவார்ட்ஸின் விசுவாசம் அவர் பிரசங்கித்த பீடத்தில் மட்டும் இருந்திருந்தால், ஹைதருக்கும் உழவர்களுக்கும் அதனால் பயன் இருந்திருக்காது. பணம் கைக்கு வந்தபோதும், பதவி வாசலில் நின்றபோதும், வாக்குக் கொடுத்தபோதும் அது வெளிப்பட்டது. தமக்கென எதையும் தேடாதவர் என்று அறிந்ததாலேயே மக்கள் அவர் சொல்லை நம்பினர். தாழ்மை விசுவாசத்திற்குச் சாட்சியாக நின்றது. இன்றைய மாணவர்கள் தம் வீட்டிலும் பள்ளியிலும் கொடுத்த சொல்லைக் காப்பாற்றுவதிலிருந்து இந்தப் பாடத்தைத் தொடங்கலாம்.