நோ டிஸ்பிளே (கணினிப் பழுது)

நோ டிஸ்பிளே என்பது கணினியின் பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்று விளக்குகள் எரிந்தும், மானிட்டரில் எதுவும் தோன்றாத நிலை. உதிரிபாகங்களைத் தனித்தனியே வாங்கி முதன்முறையாக அசெம்பிள் செய்த கணினிகளில் இது அடிக்கடி நேர்கிறது. பாகம் கெட்டுப்போயிருப்பதைவிட, ஏதோ ஓர் இணைப்பு விடுபட்டிருப்பதும், பாகம் சரியாக உட்காராததும், ஒன்றுக்கொன்று பொருந்தாத பாகங்கள் சேர்ந்திருப்பதுமே பெரும்பாலும் காரணமாகின்றன. எனவே எதையும் மாற்றுமுன், தொடக்க வரிசையின் எந்தப் படியில் கணினி நின்றுவிட்டது என்று கண்டறிவதே பழுதுபார்ப்பின் முதல் வேலை.

தொடக்க வரிசை

மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மின்சாரம் கிடைத்தவுடனே அது 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்கு அனுப்பத் தொடங்குகிறது. அணைத்து வைத்த கணினியிலும் போர்டில் சிறு விளக்கு எரிவது இதனால்தான். பொத்தானை அழுத்தியதும் 12, 5, 3.3 வோல்ட் மின்தடங்கள் உயிர்பெறுகின்றன. அவை நிலைப்பட்ட பிறகு, ஏடிஎக்ஸ் தரத்தின்படி 100 முதல் 500 மில்லிவினாடிக்குள், மின்சாரம் சீராக உள்ளது என்னும் சமிக்ஞையை எஸ்எம்பிஎஸ் தருகிறது. அதுவரை பிராசசர் ரீசெட் நிலையிலேயே இருக்கும்.

அதன்பின் பிராசசர், தொடக்க மென்பொருளான பயாஸ் உள்ள சிப்பிலிருந்து முதல் கட்டளையை எடுத்து இயக்குகிறது. ராம் அடையாளம் காணப்பட்டுத் தயாராகிறது. அடுத்து கிராபிக்ஸ் பகுதி விழிக்கிறது. இந்தச் சுயபரிசோதனைக்குப் போஸ்ட் என்று பெயர். 1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியிலேயே இது இருந்தது.

இந்த வரிசையிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. கேபினட் விசிறி 12 வோல்ட் இருந்தாலே சுழலும். அதற்குப் பிராசசரும் தேவையில்லை, ராமும் தேவையில்லை. ஆகவே விசிறி சுழல்வது எஸ்எம்பிஎஸ் இயங்கத் தொடங்கியதற்கு மட்டுமே சான்று. அடுத்து, திரையில் படம் வருவது வரிசையின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் பழுது நேர்ந்தால் அதைத் திரையில் எழுதிக் காட்ட வழியில்லை. பீப் ஒலிகள், குறியீட்டு எண்கள், விளக்குகள் ஆகியவை ஏற்பட்டது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

குறிகாட்டிகள்

பழைய ஐபிஎம் கணினிகளில் ஒரே ஒரு குறும்பீப் கேட்டால் எல்லாம் சரி என்று பொருள்; ஒரு நெடும்பீப்பும் இரண்டு குறும்பீப்பும் கேட்டால் டிஸ்பிளே கார்டில் கோளாறு. பயாஸ் தயாரிப்பாளருக்கேற்ப இந்த மரபு மாறும் என்பதால் போர்டின் கையேட்டைப் பார்ப்பதே சரி. இக்காலப் போர்டுகள் பலவற்றுடன் ஸ்பீக்கர் வருவதில்லை. அதற்கான நான்கு முள் இணைப்பு மட்டும் இருக்கும். சிறிய ஸ்பீக்கரைத் தனியே வாங்கிச் செருகலாம்.

1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினி, ஒவ்வொரு சோதனைப் படியின் எண்ணையும் 80எச் என்னும் போர்ட்டுக்கு அனுப்பியது. விலை கூடிய போர்டுகளில் இன்று காணப்படும் ஈரிலக்கத் திரை அதன் வழித்தோன்றல்.

வீட்டுப் பயனருக்கு எளிதானவை நான்கு சிறு விளக்குகள். ஏசஸ் இவற்றைக் கியூ-எல்இடி என்றும் எம்எஸ்ஐ ஈசி டீபக் எல்இடி என்றும் அழைக்கின்றன. சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதப்பட்ட இவற்றில் எது அணையாமல் நிற்கிறதோ, கோளாறும் அந்தப் படியில்தான். பூட் விளக்கு அணையாமல் நின்றால் கிராபிக்ஸ் வரை எல்லாம் கடந்தாயிற்று. அப்போதும் திரை இருட்டாக இருந்தால் முதலில் பார்க்கவேண்டியது மானிட்டரையும் அதன் கேபிளையும்தான்.

முக்கிய காரணங்கள்

மின் இணைப்பு: 24 முள் கேபிளைச் செருகிவிட்டு, பிராசசருக்குரிய 12 வோல்ட் கேபிளை மறப்பது புதியவர்களிடம் மிகப் பரவலான தவறு. 2000இல் பென்டியம் 4 வந்தபோது நான்கு முள்ளுடன் அறிமுகமான இது, இப்போது பெரும்பாலும் எட்டு முள் கொண்டது. போர்டின் மேல்மூலையில், கூலருக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் கண்ணில் படாமல் போகிறது. இது இல்லாமலும் விசிறிகள் சுழலும்; பிராசசர் மட்டும் விழிக்காது. கிராபிக்ஸ் கார்டுக்கான எட்டு முள் கேபிளும் பார்வைக்கு இதைப்போன்றே இருக்கும். அது 6+2 என்று பிரியும். பிராசசருடையது 4+4 என்று பிரியும்.

ராம்: நான்கு ஸ்லாட் கொண்ட போர்டுகளில் இரண்டு ராம்களை, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்களில் (ஏ2, பி2) போடவேண்டும் என்பது வழக்கம். ஒருபக்கம் மட்டும் கொக்கி உள்ள ஸ்லாட்டில், கொக்கி பூட்டிக்கொண்ட பின்னும் மறுமுனை தூக்கியபடி நிற்பதுண்டு. தங்கநிறத் தொடுபுள்ளிகளின் விளிம்பு இருமுனையிலும் ஒரே அளவில் மறைந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். டிடிஆர்4, டிடிஆர்5 என்னும் ராம் வகைகள் இரண்டிலும் 288 முள் இருந்தாலும் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் பொருந்தாது.

டிடிஆர்5 போர்டுகள் முதல்முறை தொடங்கும்போது ராமின் நேர அளவுகளைத் தாமே கற்றுக்கொள்கின்றன. 2022இல் வந்த ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். பொறுமையிழந்து இடையில் அணைத்தால் இந்தப் பயிற்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நல்ல கணினியையே பழுதென்று எண்ண நேரும்.

பிராசசரும் பயாஸும்: சாக்கெட்டில் பொருந்துவதாலேயே பிராசசர் இயங்கிவிடாது, அதை அறிந்த பயாஸ் பதிப்பு போர்டில் இருக்கவேண்டும். 2018 பிப்ரவரியில் ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி வெளியானபோது, அதற்கு முன்பே கடைகளில் இருந்த ஏஎம்4 சாக்கெட் போர்டுகள் பல அவற்றை அறியவில்லை. பயாஸைப் புதுப்பிக்கக் கணினி இயங்கவேண்டும். கணினி இயங்கப் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க ஏஎம்டி நிறுவனமே வாடிக்கையாளர்களுக்குப் பழைய பிராசசர் ஒன்றை இரவலாக அனுப்பியது. இன்று பல போர்டுகளில் பயாஸ் ஃபிளாஷ்பேக் வசதி உண்டு: பிராசசரே இல்லாமல், பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றலாம்.

கிராபிக்ஸ்: தனிக் கார்டு இருக்க, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகிவிடுவது மற்றொரு பரவலான தவறு. எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர்களிலும், பெயரில் ஜி இல்லாத ரைசன் 5000 வரிசையிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இன்றி அவற்றில் படம் வராது. கார்டு ஸ்லாட் வழியாகப் பெறக்கூடிய மின்சாரம் 75 வாட்தான். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் துணைக் கேபிள் கட்டாயம்.

ஷார்ட்டும் சேதமும்: கேபினட்டில் தேவையற்ற இடத்தில் விடப்பட்ட, போர்டைத் தாங்கும் ஸ்டாண்ட்ஆஃப் திருகு அதன் பின்புறத்தைத் தொட்டால் ஷார்ட் ஏற்படும். சாக்கெட்டில் முள் வளைந்திருந்தாலோ, கூலர் ஒருபக்கமாக இறுகியிருந்தாலோ ராமின் ஒரு சேனல் மட்டும் இயங்காமல் போகக்கூடும்.

கண்டறியும் முறை

முதலில் கணினியைத் திறக்காமல் செய்யக்கூடியவை. மானிட்டரில் சரியான இன்புட் தெரிவாகியுள்ளதா என்று பார்த்து, வேறு கேபிளையும் முயலவேண்டும். கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. கோளாறு படத்தில் மட்டுமே.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு எல்லா மின் கேபிள்களையும் கழற்றி மீண்டும் செருகவேண்டும். ஒரே ஒரு ராமை ஏ2 ஸ்லாட்டில் வைத்துத் தொடங்கிப் பார்த்து, பிறகு மற்ற ராமை அதே ஸ்லாட்டில் சோதிக்கலாம். பயன் இல்லையெனில் பயாஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் சிமாஸ் நினைவகத்தை அழிக்கவேண்டும்: குறித்த ஜம்பர் முட்களை இணைக்கலாம், அல்லது சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைக்கலாம்.

அதன்பின்னும் இருள் நீடித்தால் போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து அதன் அட்டைப்பெட்டியின்மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றோடு மட்டும் தொடங்கிப் பார்ப்பது வழக்கம். உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டும் வேண்டும். வெளியே படம் வந்தால் கேபினட்டில் ஷார்ட்டோ, விட்டுவைத்த பாகங்களில் ஒன்றின் கோளாறோ உள்ளது. வராவிட்டால் நன்றாக இயங்கும் வேறொரு கணினியின் பாகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது தெரியாமல் போகும்.

எச்சரிக்கைகள்

ராமையோ கார்டையோ மின்சாரம் இருக்கும்போது தொடக்கூடாது. கேபினட்டின் வர்ணம் பூசாத உலோகத்தை அவ்வப்போது தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிக்கொள்வது நல்லது. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே கூடாது. கெபாசிட்டர்களில் தங்கிய மின்னழுத்தம் ஆபத்தானது. மாடுலர் எஸ்எம்பிஎஸ் ஒன்றின் கேபிளை மற்றொரு மாடலில் செருகினால் முள் வரிசை மாறி பாகங்கள் கருகிவிடக்கூடும். வளைந்த முட்களை நிறுவனங்கள் பொதுவாக வாரண்டியில் ஏற்பதில்லை. பிராசசரைப் பொருத்துமுன் சாக்கெட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டால் பின்னர் வாரண்டி கோரும்போது பயன்படும்.