காப்புரிமை பெறாத கண்டுபிடிப்பு

கேம்பிரிட்ஜ் நகரின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சீசர் மில்ஸ்டைன், ஜார்ஜ் கோலர் என்னும் இருவர், 1975 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். முன்னவர் அர்ஜென்டினாவிற் பிறந்தவர், பின்னவர் ஜெர்மானியர். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் இன்று வழங்கும் மருந்துகள் பலவற்றுக்கு அக்கட்டுரையே தாய். ஆயினும் அதற்குக் காப்புரிமை இல்லை. அஃது ஏன் இல்லாமற் போயிற்று என்பதே ஈண்டு நாம் காணப் புகுவது.

நோய்க்கிருமி உடலிற் புகுந்தால், வெள்ளணுக்களுள் ஒரு வகை, எதிர்ப்பொருள் என்னும் புரதத்தைச் சுரக்கின்றது. ஓரணு ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். அவ்வணுவை உடலுக்கு வெளியே வளர்க்க முயன்றால் விரைவில் மடிந்துபோகும். புற்றணுவோ ஓயாது பெருகும். எலியின் உடலிலிருந்து எடுத்த இவ்விரண்டையும் அவர்கள் இணைத்து ஒன்றாக்கினர். பிறந்த கலப்பணு, ஒன்றன் தொழிலையும் மற்றொன்றன் நெடுவாழ்வையும் ஒருங்கே பெற்றது. ஓரணுவின் வழித்தோன்றல்கள் தருவதாதலின் அப்பொருளை 'மோனோகுளோனல்' என்றனர். 'ஒருவழி எதிர்ப்பொருள்' என நாம் வழங்கினாற் பொருள் கெடாது.

ஆய்வுக்கூடம் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்தது. மன்றம் இச்செய்தியை, காப்புரிமைக் காரியங்களைக் கவனித்துவந்த தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்திற்கு அறிவித்தது. உடனடியான வணிகப் பயன் எதனையும் காண்பதற்கில்லை என்னும் கருத்துடைய மறுமொழி, 1976 அக்டோபரிலேதான் வந்தது! அதற்குள் எல்லாக் கதவுகளும் அடைபட்டுவிட்டன. அச்சேறிய கண்டுபிடிப்பு பிரிட்டிஷ் சட்டத்தின்படி புதுமை இழந்தது. அமெரிக்கச் சட்டம் அளித்த ஓராண்டுத் தவணையும் ஆகஸ்டிலேயே முடிந்திருந்தது.

மில்ஸ்டைன் தம் அணுக்களைக் கேட்ட அறிஞர்களுக்கு வழங்கினார். பெற்றவருள் பிலடெல்பியாவின் விஸ்டார் நிலையத்துக் கோப்ரோவ்ஸ்கியும் ஒருவர். அவரும் தோழர்களும் அம்முறையைக் கொண்டே புற்றுக்கும் வைரசுக்கும் எதிர்ப்பொருள் செய்து, 1979, 1980 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கக் காப்புரிமைகள் பெற்றனர். பிரிட்டனிற் பெருங்கூச்சல் எழுந்தது. மில்ஸ்டைனையும் சிலர் குறை கூறினர், அது நேர்மையன்று. உறங்கியது அலுவலகமேயன்றி ஆய்வாளரல்லர். 1984இல் அவ்விருவரும் நீல்ஸ் ஜெர்னேயுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எலியின் எதிர்ப்பொருளை மனித உடல் அயற்பொருளென்று தாக்குவதால் மருந்தாக்குவது அரிதாயிற்று. அதே ஆய்வுக்கூடத்துக் கிரெகரி வின்டர், கிருமியைப் பற்றும் நுனிகளை மட்டும் எலியினின்று எடுத்து மனித எதிர்ப்பொருளில் ஒட்டினார். ஒட்டுமாங்கன்று கட்டுவோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. இம்முறை மன்றம் விழிப்பாயிருந்தது: 1986 மார்ச்சில் விண்ணப்பம், மே மாதத்திற் கட்டுரை. உரிமையை ஒருவருக்கே விற்காமற் பல நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்கியது. இதனையே யாம் பாராட்டுவோம்.

பின்வந்தோர் அவ்வளவிற் நிற்கவில்லை. வின்டர் 1989இல் தோற்றுவித்தவருள் ஒருவராயிருந்த நிறுவனம் பங்குகொண்டு உருவாக்கிய அடாலிமுமாப், 2002இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதன் முதற் காப்புரிமை அங்கு 2016இல் முடிந்தது. ஆயினும், அம்மருந்தை விற்ற நிறுவனம் 100க்கு மேற்பட்ட காப்புரிமைகளை வேலியாகச் சூழ அமைத்திருந்தது. ஐரோப்பிய நோயாளிகட்கு விலை குறைந்த மாற்று மருந்து 2018 அக்டோபரிற் கிடைத்தது. அமெரிக்க நோயாளிகள் 2023 ஜனவரி வரை காத்திருந்தனர்.