இயற்கை எல்லையும் ஆவணச் சான்றும்: சர் கிரீக் சிக்கல்

அரசியல் எல்லைகளை இயற்கை எல்லை, வரைகோட்டு எல்லை என இருவகையாகப் பகுப்பது மரபு. மலையும் ஆறும் கண்ணுக்குத் தெரிவன ஆதலின் முதல்வகையில் பூசல் குறைவு எனக் கருதுவோர் உளர். இக்கருத்து மறு ஆய்வுக்குரியது என்பதைக் கட்ச் சதுப்புநிலத்துச் சர் கிரீக் காட்டுகிறது.

சுமார் 96 கி.மீ. நீளமுள்ள இக்கடற்கழி குஜராத்துக்கும் சிந்துவுக்கும் இடையே அமைந்துள்ளது. கட்ச் அரசுக்கும் சிந்து நிருவாகத்துக்கும் இடையே எழுந்த வழக்கில் பம்பாய் அரசு 1914இல் தீர்மானம் வெளியிட்டது. அதனுடன் இணைந்த நிலப்படத்தில் எல்லைக்கோடு கிழக்குக் கரையை ஒட்டிச் செல்வதால் கழி முழுவதும் தனதே என்கிறது பாகிஸ்தான். கலம் செல்லத்தக்க நீர்வழியில் நடுவோட்டமே எல்லை என்கிறது இந்தியா. கட்ச் எல்லை குறித்து 1968இல் தீர்ப்பளித்த நடுவர் மன்றத்தின் ஆய்வு வரம்பில் இக்கழி இடம்பெறவில்லை. நிலவெல்லை கடலைத் தொடும் புள்ளி உறுதிப்படாமையால் கடலெல்லையும் வகுக்கப்படவில்லை. எல்லை கடந்ததாகக் கைதாகும் இருநாட்டு மீனவரே இதன் சுமையைத் தாங்குகின்றனர்.

நீர்நிலை எல்லையாகும்போது, கரையா நடுவோட்டமா என்பதை ஆவணமே உரைத்தல் வேண்டும். ஆவணத்தின் சொல்லும் படமும் முரண்படுமாயின், இயற்கை எல்லையும் வரைகோட்டு எல்லையைப் போன்றே பூசலுக்கு இடமாகிறது.