மரபணு: பொருளுக்கு முன் பிறந்த சொல்

மரபணு என்று தமிழில் வழங்கும் 'ஜீன்' என்ற சொல்லை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் ஜோஹான்சென். குரோமோசோமுக்கு 1888இல் வால்டையர் பெயர் வைத்தபோது, சாயம் ஏறிய அந்த இழைகள் நுண்ணோக்கியில் கண்ணெதிரே இருந்தன. ஜீனை யாரும் பார்த்ததில்லை. ஜோஹான்சென் கண்டதெல்லாம் பீன்ஸ் விதைகளின் எடைதான். தன் மகரந்தச் சேர்க்கையில் வளரும் ஒரே செடியின் வழிவந்த விதைகளில் பருத்ததையும் சிறுத்ததையும் தனித்தனியே விதைத்துப் பார்த்தார். இரண்டின் சந்ததியிலும் சராசரி எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வெளியே தெரியும் பண்பு வேறு, வழிவழியாக இறங்குவது வேறு என்று இதிலிருந்து அவர் முடிவுகட்டினார். முன்னதைப் பீனோடைப் என்றும் பின்னதை ஜீனோடைப் என்றும் பிரித்தார். டார்வினின் 'பான்ஜெனிசிஸ்' கோட்பாட்டிலிருந்து டி விரீஸ் எடுத்தாண்ட 'பான்ஜென்' என்ற சொல்லின் தலையை வெட்டி, எந்தக் கருதுகோளும் ஒட்டாத 'ஜீன்' என்ற சிறு சொல்லை வைத்துக்கொண்டார்.

இன்னதென்று சொல்லாத சொல்லால் என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வெறுமையே சொல்லைக் காப்பாற்றியது என்று வரலாறு காட்டுகிறது. மரபுப்பொருள் புரதமாகத்தான் இருக்கும் என்று பலர் நம்பிய காலம் அது. ஜீன் எதனால் ஆனது என்று தெரியாமலேயே 1913இல் ஸ்டர்ட்டவன்ட் பழ ஈயின் குரோமோசோமில் ஜீன்களை வரிசைப்படுத்தி வரைபடம் போட்டார். அந்தப் பொருள் டிஎன்ஏ என்று 1944இல் ஏவரியின் குழு காட்டியபோது சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. மரபணுக்கள் இடையிடையே துண்டுபட்டுக் கிடக்கின்றன என்று 1977இல் தெரிந்தபோதும் அது தாக்குப்பிடித்தது. தமிழ்ச் சொல்லில் 'அணு' இருப்பது ஒரு துகளை நினைவூட்டுகிறதே என்பது இன்னொரு ஆட்சேபம். வேதியியலின் அணுவுக்கு முன்பே தமிழில் அணு என்றால் மிக நுண்ணியது. அந்தப் பொருளில் சொல் பிழையில்லை.

பிழை நம் பேச்சில் இருக்கிறது. 'இந்த நோய்க்கான மரபணு' என்கிறோம். ஒரு குறிப்பிட்ட பண்புக்கு இன்ன ஜீன் என்று பேசுவதைத் தவிர்க்கும்படி ஜோஹான்செனே எச்சரித்திருந்தார். அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். 11ஆம் குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. புரதத்தின் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்காருகிறது. அந்த மரபணு இல்லாத மனிதர் அநேகமாக இல்லை. அது ஹீமோகுளோபினைச் செய்வதற்கானது, நோய்க்கானதல்ல. நீலகிரியின் பழங்குடி மக்களிடம் இந்த மாற்றம் இருப்பது 1952இல் பதிவானது. மாறிய பிரதி இரண்டும் வந்துசேர்ந்தால் கடும் நோய். ஒன்று மட்டும் வந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து பெருமளவு பாதுகாப்பு. ஒரே மாற்றம் கேடயமாகவும் நோயாகவும் இருக்கும்போது 'நோய் மரபணு' என்ற பெயர் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. நோயாளிக்குச் சுருக்கமாகச் சொன்னால்தானே புரியும் என்று மருத்துவர்கள் சொல்வதில் பொருளுண்டு. ஆனால் 'மரபணுவில் ஒரு மாற்றம்' என்பதும் எளிய தமிழ்தான். ஒரு பிரதியில் மட்டும் மாற்றத்தைச் சுமப்பவர் நோயாளி அல்லர் என்பதை அந்தச் சொற்கள் மறைப்பதில்லை. பெண் பார்க்க வரும் வீட்டில் அந்த வேறுபாடு ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.