மீத்தேன் ஹைட்ரேட்டும் யூரி மக்கோகோனின் ஆராய்ச்சியும்

நீரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து அமைக்கும் நுண்ணிய கூடுகளுக்குள் மீத்தேன் வாயு சிறைப்பட்டு, குளிரும் அழுத்தமும் ஒருங்கே வாய்த்த இடங்களில் பனிக்கட்டியை ஒத்த திடப்பொருளாக உறைந்து நிற்பதே மீத்தேன் ஹைட்ரேட் எனப்படும் பதார்த்தம். 0 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் அது ஸ்திரமாக இருக்க ஏறத்தாழ 26 வளிமண்டல அழுத்தம் தேவை. அழுத்தம் குறைந்தாலோ சூடு ஏறினாலோ கூடுகள் சிதைந்து, ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டிலிருந்து சுமார் 164 கன மீட்டர் வாயு வெளிப்படும்.

பிரெஞ்சு விஞ்ஞானி வில்லார் 1888ஆம் ஆண்டிலேயே இதனை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். எனினும் வெகுகாலம் இது ரசாயனிகளின் கவனத்துக்குரிய விசித்திரமாகவே இருந்துவந்தது. 1934இல் அமெரிக்கரான ஹாமர்ஷ்மிட், குளிர்காலத்தில் எரிவாயுக் குழாய்களை அடைத்துக்கொள்வது வெறும் பனிக்கட்டியன்று, ஹைட்ரேட்டே என்று நிரூபித்த பின்னர், அதனைத் தடுக்கும் வழிகளைத் தேடுவதிலேயே பொறியியலாளர்கள் முனைந்தனர்.

குழாயில் இடையூறாக விளைந்த அதே பொருள் பூமியின் குளிர்ந்த அடுக்குகளில் தானாகவே திரண்டு எரிபொருள் நிதியாகக் கிடத்தல் கூடும் என்ற அனுமானத்தை வகுத்து, அதற்குப் பரிசோதனையால் ஆதாரம் தேடிய பெருமை, மாஸ்கோவிலுள்ள குப்கின் எண்ணெய், எரிவாயுக் கல்வி நிலையத்தைச் சேர்ந்த யூரி மக்கோகோனுக்கு உரியது. யாகூத்தியாவில் தோண்டிய ஓர் ஆழ்கிணற்றில், நிரந்தர உறைமண்ணுக்கும் கீழே ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் உஷ்ணம் 0 டிகிரியை ஒட்டியிருந்தது கண்டறியப்பட்டபோது, அத்தகைய நிலையில் ஹைட்ரேட் உருவாவதற்குத் தடையேதும் இல்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. நிபுணர் பலர் இக்கருத்தை ஐயுற்றனர். கூடுகள் அமைவதற்கு இடம் கொடாதவைபோல் தோன்றும் பாறைத் துளைகளுக்குள்ளும் ஹைட்ரேட் உறையும் என்பதை 1960களின் நடுவில் சோதனைகளால் நிறுவியே அவர் அந்த ஐயத்துக்கு விடையளித்தார். பின்னர் சோவியத் அரசு, அவரையும் திரெபின், த்ரோஃபிமுக், செர்ஸ்கி, வசீலியெவ் ஆகியோரையும் இக்கண்டுபிடிப்பின் உரிமையாளராகப் பதிவு செய்தது.

அடுத்துவந்த பெருஞ்சான்று மேற்குச் சைபீரியாவின் மெஸ்ஸோயாகா வாயுக்களம். அங்கே மேலடுக்கில் ஹைட்ரேட்டும் அதன் கீழே கட்டற்ற வாயுவும் இருப்பதாகக் கருதப்பட்டது. கீழேயுள்ள வாயுவை எடுக்க எடுக்க அழுத்தம் கணக்கிட்ட அளவுக்கு வீழாமையையும், கிணறுகளை மூடி வைத்த காலத்தில் அது மீண்டும் உயர்ந்ததையும் கண்ட சோவியத் ஆராய்ச்சியாளர், மேலடுக்கு சிதைந்து வாயுவை ஈந்துகொண்டிருப்பதாக முடிவு செய்தனர். ஹைட்ரேட்டைக் கரைக்கும் மெத்தனாலைச் செலுத்தியதும் சில கிணறுகளின் வாயு வரத்து பெருகியது. அந்த வாயுவில் ஹைட்ரேட்டின் பங்கு எவ்வளவு என்பதைப் பிற்கால ஆய்வாளர் வினவியதுண்டு, அவ்வினா நியாயமானதே. ஆயினும் ஹைட்ரேட்டிலிருந்து வாயுவை எடுக்க அழுத்தத்தைத் தணிப்பதே உகந்த உபாயம் என்ற நெறியை உலகுக்கு முதலில் காட்டிய களம் அதுவே என்பது எமது உறுதியான அபிப்பிராயம்.

எனினும் அந்த உபாயத்துக்கும் ஓர் இடையூறு உண்டு: ஹைட்ரேட் சிதையும்போது சுற்றுப்புறத்தின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆதலால் அழுத்தம் குறைத்த இடம் மேலும் குளிர்ந்து, வாயு வரத்துத் தளர்ந்து, சமயங்களில் நீர் மீண்டும் உறைந்துவிடுகிறது. கனடாவின் மல்லிக் கிணற்றில் 2002இல் வெந்நீரைச் சுழற்றிப் பார்த்தபோது செலவிட்ட சக்திக்கு ஈடாகக் கிட்டியது சொற்பமே. அங்கேயே அழுத்தம் தணிக்கும் முறையால் 2008இல் ஆறு நாட்களில் சுமார் 13,000 கன மீட்டர் கிடைத்தது. 2013இல் ஜப்பானின் நான்காய் பள்ளத்தாக்கில், சிக்யூ என்ற கப்பலிலிருந்து கடலடிப் படிவில் அதே முறையைக் கையாண்டு, ஆறு நாட்களில் சுமார் 1,20,000 கன மீட்டர் வாயு எடுத்தனர். ஹைட்ரேட் நீங்கிய படிவம் பிடிப்பிழந்து மணலாகிக் கிணற்றினுள் புகுந்ததால் அச்சோதனை நின்றது. 2017இல் நடந்த இரண்டாம் சோதனையில் ஒரு கிணறு மீண்டும் மணலால் தடைப்பட, மற்றொன்று 24 நாட்கள் இயங்கியது.