ஆட்டுரல் சுற்ற ஆரம்பித்த வரலாறு



ஜிஎஸ்டி பாடத்துக்காக வரி விகிதப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். கல்லால் அரைக்கும் வெட் கிரைண்டர் என்று அதில் தனியாக ஒரு இனம். 2017 ஜூலையில் 28 சதவீதம், அதே வருடம் நவம்பரில் 12, 2019 அக்டோபரில் 5, 2022 ஜூலையில் 18 என்று அதற்கான வரி இறங்கி ஏறியிருக்கிறது. வரி கிடக்கட்டும். மின்சாரத்தில் ஓடுகிற ஒரு இயந்திரத்தை, அதற்குள் இருக்கும் கல்லை வைத்து அடையாளம் சொல்கிறார்களே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. போதாததற்கு எங்கள் ஊர்ப் பெயரிலேயே கல் இருக்கிறது. குத்துக்கல்வலசை, தென்காசிக்குப் பக்கம். எனவே கல் விஷயத்தை விட மனசு வரவில்லை :)

பொருள் வடிவமைப்பு என்றதும் நாம் உடனே ஐபோன், ஜெர்மன் கார் என்று போய்விடுகிறோம். நம் வீட்டு அடுப்பங்கரையில் ஓடுகிற இந்தக் கிரைண்டரை உட்கார்ந்து யோசித்தது நம் மாநிலத்தில், கோயம்புத்தூரில். 1955ல் பி. சபாபதி என்பவர் முதல் வெட் கிரைண்டரை உருவாக்கினார். எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எனக்கும் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தேடிய பிறகுதான் தெரியும். பள்ளிப் பாடத்தில் தையல் இயந்திரம் கண்டுபிடித்தவர் பெயரை மனப்பாடம் செய்தவன் நான்!

முதலில் ஆட்டுரலைப் பார்ப்போம். கீழே குழியோடு கனமான கல், குழிக்குள் நிற்கும் குழவி. ஒரு கை குழவியைச் சுற்றும். இன்னொரு கை ஓரத்தில் ஒதுங்கும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும், நடுநடுவே தண்ணீரும் தெளிக்கும். அதாவது வேலை ஒன்றல்ல, இரண்டு. இதைக் கவனிக்காமல் வெறும் மோட்டாரைக் கொண்டுவந்து மாட்டினால் முதல் வேலை மட்டும்தான் தீரும். எங்கள் ஆச்சி சொல்வாள்: "மாவு ஆட்டி முடிக்கதுக்குள்ள தோளு கழண்டு போவும். அதுல கை நசுங்காம வேற பாத்துக்கணும்." இரண்டாவது வாக்கியத்தை நான் பல வருடம் காதில் வாங்கவே இல்லை.

இப்போது நாமே வடிவமைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழவியை மோட்டாரால் சுற்றினால் என்ன ஆகும்? மோட்டார் மேலே தொங்க வேண்டும், அத்தனை கனமான கல் மேலிருந்து ஆடிக்கொண்டே சுற்றும், மாவைத் தள்ள ஒரு கை அதற்குப் பக்கத்திலேயே போய்வர வேண்டும். கோயம்புத்தூர் கிரைண்டரில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். காலம் காலமாக அசையாமல் கிடந்த உரல் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டிருந்த குழவி ஒரு பிடியில் மாட்டப்பட்டு இருந்த இடத்திலேயே நிற்கிறது (உரசலில் தானாக உருளும், ஆனால் இடம் மாறாது). மாவு தானாகவே குழவியைத் தேடி வருகிறது. ஓரத்தில் ஒட்டும் மாவை வழித்துவிட அசையாத ஒரு தகடு இருந்தால் போதும், இரண்டாவது கையின் வேலையும் முடிந்தது. மோட்டார், பெல்ட், பேரிங் எல்லாம் கீழே போய்விடும். எதைச் சுற்றுவது, எதை நிறுத்துவது என்கிற இந்த ஒரே முடிவில்தான் மொத்த இயந்திரமும் இருக்கிறது என்பது என் கட்சி. ஆச்சியின் இரண்டாவது வாக்கியத்துக்கும் இதுதான் பதில்.

அடுத்த கேள்வி, கல் எதற்கு? இரும்பு பிளேடு போட்டிருக்கலாமே. போட்டார்கள், அதற்குப் பெயர் மிக்ஸி. 1960களில் மும்பையில், சீமென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த சத்ய பிரகாஷ் மாத்தூர் என்பவரின் வீட்டில் இருந்த ஜெர்மன் பிரவுன் மிக்ஸி நம் ஊர் அரைப்பைத் தாங்காமல் போனது. அவர் மனைவி கேட்டுக்கொண்டதால் அவர் உருவாக்கியதுதான் சுமீத் மிக்ஸி. இதுவும் அருமையான கதைதான். ஆனால் மிக்ஸி வேறு வேலைக்கானது. அதில் கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். தேங்காய், மிளகாய், மசாலாவுக்குச் சரி. உளுந்தை அதில் போட்டால் மாவு சூடாகிவிடும், பொங்குவதும் குறைவு. உளுந்து மாவு மெதுவாக, காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அரைபட வேண்டும். அந்தப் பஞ்சு போன்ற மாவுதான், புளிக்கும்போது நுண்ணுயிர்கள் விடும் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் எங்கள் பக்கம் மாவு புளிக்கவே நேரமெடுக்கும், அப்போது நல்லா ஆட்டின மாவுக்கும் ஆட்டாத மாவுக்கும் உள்ள வித்தியாசம் காலையில் தட்டிலேயே தெரிந்துவிடும்.

கிரைண்டரில் இருப்பது பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டார். அது நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றும். சின்னக் கப்பி, பெரிய கப்பி, நடுவில் ஒரு பெல்ட். இவ்வளவை வைத்து அந்த வேகத்தைச் சில நூறுக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். வேகம் குறையக் குறைய முறுக்கு விசை கூடும், அதனால்தான் வீட்டுக் கிரைண்டருக்கு 150 வாட் மோட்டாரே போதும். கருங்கல்லுக்கும் இந்த மெதுவான ஓட்டம்தான் தோது. கையால் செதுக்கிய கல் எல்லாப் பக்கமும் ஒரே எடையாக இருக்காது. அதை மிக்ஸி வேகத்தில் சுற்றினால் மேசையை விட்டே ஓடிவிடும்.

கருங்கல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம். புளித்த மாவு அதை அரிக்காது. சீக்கிரம் சூடேறாது. மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கலாம், தேய்ந்தால் மறுபடி கொத்திக்கொள்ளலாம். எடையோ ஒரு லிட்டர் அளவுக்குச் சுமார் 2.7 கிலோ, அந்த எடைதான் அரைக்கிறது. தயாரிப்பவருக்கு மட்டும் இது தலைவலியான பொருள். இரும்பு வார்ப்பு கோணலானால் உருக்கி மறுபடி ஊற்றலாம். கல் உடைந்தால் உடைந்ததுதான்.

ஏன் கோயம்புத்தூர்? பைக்காரா நீர்மின் நிலையம் 1932ல் ஓட ஆரம்பித்ததும் அந்தப் பக்கம் மில்கள் பெருகின. மில்லுக்கு உதிரிபாகம் வேண்டும் என்று வார்ப்படச் சாலைகள் வந்தன, கிணற்றுக்கு பம்ப்செட் வந்தது, பம்ப்செட்டுக்கு மோட்டார் வந்தது. 1937லேயே அங்கே மோட்டார் செய்துவிட்டார்கள், ஜி.டி. நாயுடு பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மோட்டார் அதுதான். ஆக 1955ல் ஒருவர் மோட்டாரையும் கல்லையும் சேர்க்க நினைத்தபோது மோட்டார் செய்பவர், வார்ப்பவர், கடைசல் பிடிப்பவர் எல்லோரும் பக்கத்திலேயே இருந்தார்கள். எங்கள் திருநெல்வேலிச் சீமைக்கும் 1944லேயே பாபநாசம் நீர்மின் நிலையம் வந்துவிட்டது, ஆனால் இங்கே அப்படி ஒரு மோட்டார்த் தொழில் சூழல் உருவாகவில்லை. மின்சாரம் மட்டும் இருந்தால் போதாது போல. (கொஞ்சம் பொறாமைதான்.)

ஆரம்ப காலக் கிரைண்டர் ஹோட்டலுக்கானது. ஆளுயர இரும்புச் சட்டம் இல்லாவிட்டாலும் ஆள் கனம் உண்டு. அரைக்கும் வேலை போனது, ஆனால் குழவியைத் தூக்கி எடுப்பதும் குனிந்து மாவை அள்ளுவதும் அப்படியே மிச்சமிருந்தது. 1960களில் டில்டிங் கிரைண்டர் வந்தது. பாத்திரத்தையே சாய்த்து மாவைக் கொட்டலாம். அதற்கும் பிறகு வந்த டேபிள் டாப்பில் கல் பாத்திரத்தின் அடியில் மட்டும் தங்கி, சுவர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆனது. ஸ்டீலை மெல்லிய தகடாக இழுத்துப் பாத்திரமாக்கலாம், கல்லை அப்படி மெலிதாக்க முடியாது. பாத்திரத்தைக் கழற்றி ஒரே ஆள் குழாயடிக்குக் கொண்டுபோக முடிந்தது இதனால்தான். ஒற்றைக் குழவி உருளைக் கற்களாகப் பிரிந்தது. எல்ஜி அல்ட்ரா போன்றவற்றில் உருளைக்குப் பதில் கூம்புக் கல் இருக்கும். காரணம் எளிமை: சுற்றும் தட்டில் வெளி ஓரம் வேகமாக ஓடும், நடுப்பகுதி மெதுவாக ஓடும். நேர் உருளை ஏதோ ஒரு முனையில் உருளாமல் வழுக்கத்தான் செய்யும். கூம்பின் பெரிய முனையை வெளியே வைத்தால் இரண்டு வேகமும் பொருந்திவிடும். மாட்டு வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

வெளிக்கூடு பிளாஸ்டிக் ஆனதில் எங்கள் காமர்ஸ் கணக்கு ஒன்று இருக்கிறது. பிளாஸ்டிக் அச்சு செய்ய ஏகப்பட்ட முதல் வேண்டும், அச்சு வந்துவிட்டால் ஒரு கூட்டுக்கு ஆகும் செலவு சொற்பம். கல்லுக்கு நேர் எதிர். பெரிய அச்சு எதுவும் வேண்டாம், ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் வெட்டு, துளை, கடைசல் என்று முழுக்கூலி. ஒரே இயந்திரத்துக்குள் நிலைச் செலவு வகையும் மாறும் செலவு வகையும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆயிரம் கிரைண்டர் செய்தாலும் லட்சம் செய்தாலும் கல்லின் விலை பெரிதாக இறங்காது. எங்கள் பாடப் புத்தகத்தில் ஏன் எப்போதும் நாற்காலி உற்பத்தியையே உதாரணம் காட்டுகிறார்கள் என்று தெரியவில்லை.

2005-06ல் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. சுமார் 1.8 கோடி குடும்பங்கள் இலக்கு. இலவசம் சரியா தவறா என்று டீக்கடையில் எவ்வளவோ பேசுவார்கள். பேசுகிறவர்களில் எத்தனை பேர் ஆட்டுரலில் ஒருநாள் உட்கார்ந்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. தெருவில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுரல் கொத்தலையோ" என்று உளியும் சுத்தியலுமாக வந்தவர்கள் இப்போது வருவதில்லை. அந்தக் கொத்து வேலை தெருவிலிருந்து கிரைண்டர் ரிப்பேர் கடைகளுக்கும் கல் பட்டறைகளுக்கும் போய்விட்டது. கருங்கல்லை உலர்வாக வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகிப்போகும் சிலிகோசிஸ் நோய் வரும், வந்தால் குணமாகாது. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பெருமளவு அடங்கும். மாவு அரைப்பவரின் கைக்காக உரலையே சுற்ற வைத்த நாம், கல் வெட்டுபவரின் மூச்சுக்காக எல்லாப் பட்டறையிலும் ஒரு தண்ணீர்க் குழாய் வைத்துவிட்டோமா?

ஆச்சியிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தக் கோயம்புத்தூர்க்காரர் வீட்ல யாரு மாவாட்டினது?" என்று கேட்டாள்.