கேழ்வரகுக் கூழும் நம் முன்னோரின் வயலும்



போன ஆடி மாசம் கூழுக்குக் கேழ்வரகு மாவு கரைச்சுக்கிட்டு இருந்தப்போ, தொண்டு செய்ய வந்த ஒரு தம்பி எங்ககிட்ட கேட்டார்: "அண்ணே, நம்ம ஆளுங்க சுங்கை பாக்காப்புக்கு ஏன் வந்தாங்க?" "பிழைக்க வந்தாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டோம். அந்தப் பதில் போதாதுன்னு பிறகுதான் தோணுச்சு. அதனால் இந்தப் பதிவு.

மாரி என்றால் மழை. அந்த மழை பொய்த்த கதைதான் இது.

1876-ல் சென்னை மாகாணத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றின. அது தாது வருஷம். அதனால் மக்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். காவிரித் தண்ணீர் பாய்ந்த தஞ்சாவூர் ஓரளவு தப்பியது. சேலம், வட ஆற்காடு, செங்கல்பட்டு, கோயம்புத்தூர் பக்கம் வானம் பார்த்த பூமியில் கேழ்வரகும் கம்பும் சோளமும் கருகிப் போயின.

இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருந்த குடும்பம் என்ன செய்யும்? முதலில் நகை போகும். அடுத்து மாடு. கடைசியில் விதைக்கு வைத்த தானியத்தையே உலையில் போடுவார்கள். 1877 கடைசியில் மழை திரும்பியபோது பலரிடம் உழ மாடும் இல்லை, விதைக்க விதையும் இல்லை. மழை வந்தும் பயிர் வைக்க முடியாத நிலை அது.

அரசாங்கம் நிவாரண வேலை கொடுத்தது. சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். ஆனால் நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் என்று கூலியைக் குறைத்தார்கள். ஊரில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்க, 1877 ஜனவரி 1-ல் டில்லியில் விக்டோரியா மகாராணிக்குப் பட்டம் சூட்டும் தர்பார் நடந்தது. தானியமும் வெளிநாட்டுக்குக் கப்பலேறியது. அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது கணக்கு.

அதே காலத்தில் நம்ம பக்கம், செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. வால்டோர், கலிடோனியா, பத்து காவான் எல்லாம் அன்றைக்குக் கரும்புதான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். கையில் ஒப்பந்தம், தலையில் கப்பல் கூலிக் கடன். சொந்த மண்ணில் விதைத்தவர் இங்கே அடுத்தவன் கரும்பை வெட்டினார்.

எல்லாரும் பஞ்சத்தால் வந்தவர்கள் என்று சொல்ல மாட்டோம். 1910-ல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. கரும்பு போய் ரப்பர் வந்த பிறகு, கங்காணி கூட்டி வந்தவர்கள் நிறைய. ஆனாலும் அவர்களிலும் பலர் கிளம்பி வந்த வீட்டில் மழையும் கடனும் சேர்ந்தே கழுத்தைப் பிடித்திருந்தன.

இது பழைய கதை மட்டும் இல்லை. 2017 நவம்பர் 4, 5-ல் பினாங்கில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். மழை இல்லாமல் ஒரு தலைமுறை கெட்டது. அன்றைக்கு மழை அதிகமாகி வயல்கள் மூழ்கின. கோயிலுக்கு வாழையிலையும் கீரையும் கொண்டுவரும் ஒரு குடும்பத்தின் தோட்டமும் தண்ணீரில் போச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அக்கா வெறுங்கையோடு வந்து, "இந்த வாரம் ஒண்ணுமில்லப்பா"ன்னு நம்மகிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. அவங்க கேட்டிருக்க வேண்டியதே இல்லை. உதவி கேட்டிருந்தால் போதும்.

அதனால் ரெண்டு வேண்டுகோள். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட சொந்த ஊர் எது, அங்கே என்ன பயிர் வைத்தார்கள் என்று கேட்டு, கோயில் நோட்டில் எழுதுங்க. அவங்க போய்ட்டா அந்த ஊர்ப் பெயரும் போயிடும். இன்னொன்று, அக்கம்பக்கத்தில் யார் தோட்டம் மழையில் கெட்டாலும் எங்ககிட்ட சொல்லுங்க. விதையோ, நாற்றோ, சேறு வார ரெண்டு ஆளோ, நாங்க வர்றோம். அன்றைக்கு நம்ம முன்னோருக்கு விதை கொடுக்க ஆள் இல்லை.

ஓம் சக்தி.